கடற்காற்றுக்கு முன்னால் எந்தக் கூரை நிற்கும்? தகரம், ஓடு, சீற், கொங்கிறீட்

அத்தானின் வீட்டுக்குக் கூரை போட்டது 2021இல். திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து முந்நூறு மீற்றருக்குள் இருக்கும் ஒழுங்கை. நீல வண்ணத் தகரம், புது மரம், புதுப் பீலி. மூன்றாவது மாரியில் குசினிப் பக்கம் சொட்டத் தொடங்கியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஒரு ஸ்குரூவின் தலையைப் பெருவிரலால் நெருடியதும் நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. அதன் கீழிருந்த ரப்பர் வோஷர் நாலாய் வெடித்துக் கிடந்தது. துளையைச் சுற்றிக் கபில நிறத்தில் ஒரு வளையம். ஆனால் அந்த வளையத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தகரம் கடையில் வாங்கிய அன்றுபோலவே மினுங்கியது.

அதே ஒழுங்கையில் அம்மம்மாவின் ஓட்டு வீடு இருக்கிறது. அத்தானைவிட வயது கூடிய கூரை. அதைக் காட்டித்தான் அக்கா நாள்தோறும் அத்தானைக் குத்துகிறாள். ஓடு நல்லது, தகரம் கூடாது என்று அவளைப்போல் ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. எல்லாக் கூரையும் ஓர் இடத்தில் முதலில் சாகிறது. அந்த இடம் எது, அதை நம்மால் காக்க முடியுமா என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

தகரம்

இன்று திருகோணமலையில் ஏறும் புதுக் கூரைகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பழைய வெள்ளைத் தகரத்தில் இருப்பது துத்தநாகப் பூச்சு. நல்ல தரம் என்று சொல்லப்படுவதில் ஒரு சதுர மீற்றருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் இருக்கும். பக்கத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 19 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்). உப்புக் காற்று கடுமையாக அடிக்கும் கரையோரத்தில் துத்தநாகம் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை கரையும் என்பது சர்வதேசத் தர வகைப்பாட்டின் கணக்கு. வகுத்துப் பாருங்கள்: இரண்டேகால் வருடத்திலிருந்து நாலரை வருடம். அதற்குப் பிறகு வெறும் இரும்புதான்.

இப்போது விற்கப்படும் வண்ணத் தகரங்களில் பெரும்பாலும் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு இருக்கிறது. அலுமினியம் 55 சதவீதம். சதுர மீற்றருக்கு 150 கிராம் என்றாலும், அலுமினியம் இலேசானது என்பதால் பூச்சின் கனம் அதே 20 மைக்ரோன் அளவில் வந்துவிடும். கடற்காற்றில் இது துத்தநாகத்தைவிடப் பல மடங்கு மெதுவாகக் கரையும். அத்தானின் தகரம் மினுங்கிக்கொண்டிருப்பது அதனால்தான்.

அப்படியானால் ஓட்டை எங்கிருந்து வந்தது? ஸ்குரூவிலிருந்து. மலிவான ஸ்குரூவின் மேலிருக்கும் முலாம் பெரும்பாலும் பத்து மைக்ரோனுக்கும் குறைவு. இருபது வருடம் நிற்கக்கூடிய தகட்டை இரண்டு வருட ஆணியால் பிடித்து வைத்திருக்கிறோம். தகரத்துக்கு இலட்சக்கணக்கில் எண்ணிக் கொடுத்தவர், ஸ்குரூவுக்கு "எதையாவது போடுங்கள் தம்பி" என்று சொல்லியிருப்பார். கடலோரத்துக்கென்று தடித்த பூச்சோடு வரும் ஸ்குரூ இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். துருப்பிடிக்காத எவர்சில்வர் ஸ்குரூ போட்டுவிடுவோம் என்று சிலர் கெட்டித்தனம் காட்டுவதுண்டு. அது வேறு வம்பு. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் பலவீனமானதுதான் அரிக்கப்படும். ஸ்குரூ தப்பும், அதைச் சுற்றியுள்ள தகரத்தின் பூச்சு போகும்.

வேலையாட்களின் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. கிரைண்டரால் தகரத்தை வெட்டினால் பொறி பறந்து விளிம்பின் பூச்சு கருகும். துளையிடும்போது விழும் இரும்புத் துருவலைக் கூட்டாமல் விட்டால் அடுத்த பனியிலேயே ஆயிரம் துருப்புள்ளி. ஸ்குரூவை வெறிகொண்டு முறுக்கினால் வோஷர் பிதுங்கி, கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் கால வெயிலில் வெடிக்கும். ஆறு மீற்றர் நீள உருக்குத் தகடு நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 40 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர் நீளும். ஒவ்வொரு நாளும் அந்த மூன்று மில்லிமீற்றர் இழுபறியைத் தாங்குவது அந்தச் சின்ன வோஷர்தான். முகட்டோரச் சுவரில் பூசிய ஈரச் சீமெந்து தகரத்தில் பட்டால் அதுவும் பூச்சை அரிக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கூரையில் விடாதீர்கள். செம்புக் குழாயைத் தொட்டு வரும் நீர் இந்தப் பூச்சுக்கு நஞ்சு.

இன்னுமொன்று, பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். தகரத்துக்குக் கூடாத காலம் மாரி அல்ல. மாரி கூரையைக் கழுவிவிடும். மே முதல் செப்ரெம்பர் வரை, கச்சான் காய்ச்சி எடுக்கும் மாதங்களில், பிற்பகல் கடற்காற்று கொண்டுவரும் உப்பு தகரத்தில் படிந்தபடியே கிடக்கும். இரவில் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். இறவாரத்தின் அடிப்பக்கம், மழை ஒருநாளும் தொடாத இடம், அங்கேதான் முதலில் கொப்புளம் வரும். அத்தான் வீட்டில் அந்த இடத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 0.47 மில்லிமீற்றர் என்பது பூச்சையும் சேர்த்த கனம். உள்ளிருக்கும் உருக்கு 0.42 அளவில்தான் இருக்கும். அதையும்விட மெல்லியதை அதே பெயரில் விற்பவர்களும் உண்டு. உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள்; கடலோர வீடுகளை விலக்கி ஒரு வரி சிறிய எழுத்தில் இருப்பது வழக்கம்.

ஓடு

ஓட்டுக்குத் துரு என்ற கவலையே இல்லை. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வடிவம்தான் நாம் கள்ளிக்கோட்டை ஓடு என்று சொல்வது. இந்தியக் கடலோரம் முழுக்க நின்று காட்டிய சரக்கு. ஆனால் அம்மம்மாவின் ஓட்டையும் இன்றைய ஓட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குறைவாகச் சுட்ட ஓடு தண்ணீரைக் குடிக்கும். அந்தத் தண்ணீரோடு உப்பும் உள்ளே போய், காயும்போது படிகமாகித் தோலைச் செதிள் செதிளாகத் தள்ளும். ஓடு சுடும் வென்னப்புவ, தங்கொட்டுவப் பக்கமிருந்து லொறியில் வந்திறங்கும்போதே இரண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் எடுங்கள். மண்சட்டி போல் சத்தம் வந்தால் லொறியைத் திருப்பி விடுங்கள்.

ஓட்டுக் கூரை சாகும் இடம் ஓடு அல்ல, மரம். ஓர் ஓடு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. சதுர மீற்றருக்குப் பதினைந்து ஓடு. தகரம் நாலைந்து கிலோவில் முடியும் இடத்தில் ஓடு முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அம்மம்மா வீட்டில் வைரம் பாய்ந்த பனை. கறையான் தொட்டும் பார்க்கவில்லை. இன்று பச்சை மரத்தை அறுத்த கிழமையே ஏற்றுகிறார்கள். அது காயக் காய முறுகி, சிலாகை வளைந்து, ஓடுகளுக்கிடையே வாய் திறக்கும். வாடைக் காற்றுச் சாய்த்தடிக்கும் மழைக்கு அந்த வாய் போதும். சரிவு 25 பாகைக்குக் குறைந்தாலும் இதே கதைதான். செலவை மிச்சம் பிடிக்கச் சரிவைக் குறைத்தவர்கள், பிறகு அந்த மிச்சத்தைச் சீலிங்குக்கு வர்ணம் அடித்தே முடிக்கிறார்கள்.

குரங்கைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர் என்னை மன்னிக்கமாட்டார்கள். அதிகாலையில் ஒரு கூட்டம் வேம்பிலிருந்து ஓட்டுக்குப் பாயும். அன்று பத்து ஓடு போகும். ஆனால் போன பத்தை மட்டும் மாற்றினால் போதும். தகரத்தில் அந்த வசதி இல்லை.

சீற்

அஸ்பெஸ்டஸ் சீற் உப்புக்கு அசையாது. விலையும் குறைவு. நீடிப்பு ஒன்றை மட்டும் பார்த்தால் கடலோரத்தில் இது தகரத்தை வெல்லும். ஒப்பீடு என்று சொல்லிவிட்டு அதை மறைப்பது சரியல்ல. ஆனாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெட்டும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசிதான் வினை. இலங்கை இதைத் தடைசெய்யப் புறப்பட்டது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அப்போது நமக்கு அஸ்பெஸ்டஸை அதிகம் விற்றதும் ரஷ்யாதான். சில நாட்களில் இங்கே தடை தளர்ந்தது, அங்கே தேயிலை போனது. கூரையில் ஏற்கெனவே சீற் இருந்தால் பதறிப் பிடுங்க வேண்டாம். அதைச் சுரண்டாதீர்கள், உரஞ்சிக் கழுவாதீர்கள்.

கொங்கிறீட்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியதிலிருந்து, "மேலே கொங்கிறீட் போட்டுவிட்டால் நிம்மதி" என்கிறவர்கள் கூடிவிட்டார்கள். காற்றுக்கு நிம்மதிதான். கம்பிக்கு அல்ல. கரையோரக் கிணற்றின் உவர் தண்ணீரில் குழைத்து, அதே தண்ணீரை ஊற்றி ஆறவைத்தால் துருவை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். கம்பிக்குக் கீழே போதிய கனம் விடாமல் பலகையில் கிடத்தி ஊற்றினால் சில வருடங்களில் அடிப்பக்கம் வெடித்துக் கொட்டும். தகரத்தைக் கழற்றி மாற்றலாம். இதை என்ன செய்வது?

எங்கே எது

பாலையூற்று, கன்னியா, கந்தளாய் என்று உள்ளே போகப் போகத் தகரம் போதும். ஸ்குரூவில் கஞ்சத்தனம் வேண்டாம், புயலுக்காக ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கி அடியுங்கள். உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் போன்ற கரைகளில், நல்ல மரத்துக்குக் காசு இருந்தால் ஓடு. மரத்துக்குக் காசில்லாமல் ஓட்டுக்கு ஆசைப்படுவதைவிடத் தகரம் மேல்.

அத்தானும் ஓட்டுக்கு மாறத்தான் நினைத்தார். ஓடாவியார் வந்து கைமரங்களை அண்ணாந்து பார்த்து, இடைவெளியைக் காலடியால் அளந்துவிட்டு, "ஐயா, இது தகரத்துக்கு என்று போட்ட மரம்" என்று மட்டும் சொன்னார். அக்கா ஒன்றும் பேசவில்லை. கடைசியில் தகரத்தை வைத்துக்கொண்டு ஸ்குரூ முழுவதையும் மாற்றினோம். பழைய துளைகளை நிரப்ப இன்னும் தடித்த ஸ்குரூவும் அகன்ற வோஷரும் தேவைப்பட்டன. இப்போது வெயில் மாதங்களில் இரண்டு கிழமைக்கொருமுறை அத்தான் குழாய்த் தண்ணீரை இறவாரத்தின் அடிப்பக்கம் பீய்ச்சுகிறார். அம்மம்மா தன் ஓட்டு நிழலில் இருந்து அதைப் பார்த்து, "மழை வந்துவிடுமோ என்று பயந்த வீடு, இப்போது மழையைக் காசு கொடுத்து வாங்குகிறது" என்கிறாள்.