புரதப் படிகத்தை உறைய வைக்க: திரவ நைட்ரஜனா, குளிர்வாயுவா?

புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய அதைப் படிகமாக வளர்த்து, உறைய வைத்து, எக்ஸ்-கதிரில் படம் எடுப்போம். லூப்பில் (படிகத்தை அள்ளும் நுண்ணிய வளையம்) எடுத்த புரதப் படிகத்தை உறைய வைக்க நடைமுறையில் இரண்டு வழிதான். எக்ஸ்-கதிர்க் கருவியில் 100 கெல்வினில் (ஏறக்குறைய மைனஸ் 173 டிகிரி செல்சியஸ்) வீசும் நைட்ரஜன் வாயுவுக்கு நேராக நிறுத்திவிடலாம். இல்லையென்றால் திரவ நைட்ரஜனில் சட்டென்று முக்கலாம். முதல் வழியில் இரண்டு வருடம் ஓட்டிய நான் இப்போது முக்குவதற்கு மாறிவிட்டேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

ஏன் உறைய வைக்க வேண்டும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அறை வெப்பநிலையில் கதிர் பட்டுச் சீக்கிரம் கெட்டுப்போகிற படிகம், 100 கெல்வினில் பல பத்து மடங்கு தாங்கும். அதற்கான விலையும் உண்டு: அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டம்) சுருங்கும், மொசைசிட்டி (படிகத்தின் உள் அடுக்கு ஒழுங்கு கலைந்திருக்கும் அளவு) ஏறும். படிகத்தில் ஏறக்குறைய பாதி நீர். அது பனிக்கட்டியாக மாற அவகாசம் கொடுக்காமல் கண்ணாடி மாதிரி இறுகச் செய்ய வேண்டும். தவறினால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிகளுக்குரிய இடங்களில் பனிக்கட்டியின் வளையங்கள் வந்து நிற்கும்.

குளிர்வாயுவில் வசதி அதிகம். படிகத்தைச் சூழ்ந்த துளி தெளிவாக இறுகியதா, பால் மாதிரி வெளுத்துவிட்டதா என்று கேமராவிலேயே தெரியும், உடனே படமும் எடுத்துவிடலாம். ஆனால் வாயு வெப்பத்தை மெதுவாகத்தான் இழுக்கும். திரவம் அதைவிட எவ்வளவோ வேகம்.

அப்படியானால் திரவத்தில் முக்கியெடுத்த படிகம் ஒவ்வொரு முறையும் மேலாக இருக்க வேண்டுமே? எனக்கு ஆரம்பத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் வந்தன. காரணம், திரவத்துக்கு மேலே தேங்கி நிற்கும் குளிர்வாயுப் படலம். டிவாரில் (திரவ நைட்ரஜன் வைக்கும் குடுவை) மட்டம் இரண்டு விரற்கடை இறங்கினாலே போதும், அந்த இடைவெளி முழுக்கக் குளிர்ந்த வாயு நிரம்பிவிடும். சிறிய படிகம் அதைக் கடக்கும்போதே பெரும்பாலும் குளிர்ந்துவிடுகிறது. திரவத்தைத் தொடும்போது வேகமாகக் குளிர வைக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வார்கென்டின், தோர்ன் குழுவினர் 2006-இல் இதை அளந்து காட்டினார்கள். படலத்தை நீக்கியதும், சிறிய மாதிரிகளில் குளிரும் வேகம் நொடிக்கு 15,000 கெல்வின் வரை போனது. புரதம் இல்லாத வெறும் கரைசலில் பனி உருவாகாமல் தடுக்கத் தேவைப்பட்ட கிளிசரால் 28 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் வரை இறங்கியது.

என்னை மாற்றியது இந்தக் கிளிசரால் கணக்குதான். 25 சதவீதக் கிளிசராலுக்கு மாற்றிய சில நொடிகளில் என் படிகத்தின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கீறல் விழும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவரை ஓடும். உறைய வைப்பதற்கு முன்னாலேயே சேதாரம்! மாதக்கணக்கில் வளர்த்த படிகம் கண்ணெதிரே பிளப்பதைப் பார்ப்பது கொடுமை. இப்போது டிவாரை விளிம்பு வரை நிரப்புகிறேன். முக்குவதற்குச் சற்று முன் உலர்ந்த நைட்ரஜன் வாயுவைக் குழாய் வழியாகத் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டிக் குறுக்கே வீசவிடுகிறேன். லூப்பைச் செங்குத்தாக, தயங்காமல் இறக்குகிறேன். கிளிசரால் 12 சதவீதத்தில் நிற்கிறது, கீறல் விழுவதில்லை, எக்ஸ்-கதிர்ப் படத்தில் புள்ளிகள் இழுபடாமல் கூர்மையாக வருகின்றன.

பராமரிப்புத் தொல்லை உண்டு. ஈரப்பதமான நாளில் டிவாருக்குள் பனித்துகள் மிதக்கும், அது லூப்பில் ஒட்டும். திரவத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் சிங்க்ரோட்ரானுக்கு (செறிவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய ஆய்வு மையம்) அனுப்புவதாக இருந்தால் படிகம் எப்படியும் திரவ நைட்ரஜன் வழியாகத்தான் டிரை ஷிப்பருக்குள் (குளிர் குறையாமல் அனுப்பும் கலன்) போக வேண்டும். முதலிலேயே முக்கிவிட்டால் ஒரு கைமாற்றம் மிச்சம்.

இவ்வளவும் 100 மைக்ரானும் அதற்குக் குறைவுமான படிகங்களை வைத்துச் சொல்வது. அரை மில்லிமீட்டர் படிகங்களை நான் அதிகம் கையாண்டதில்லை. அவற்றில் உள்ளிருக்கும் வெப்பம் வெளியே வரவே நேரமாகும் என்பதால் இவ்வளவு வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

சரி, உறைய வைக்காமலே படம் எடுத்தால்? இரண்டு புரதங்களில் மட்டும் செய்து பார்த்தேன், அந்த அனுபவம் தீர்ப்புச் சொல்லப் போதாது. உறையும்போது புரதத்தின் சில பக்கச்சங்கிலிகள் (அமினோ அமிலங்களின் கிளைகள்) இடம் மாறி அடங்கிவிடும் என்பதால், கிளர்மையத்தின் (வேதிவினை நடக்கும் இடம்) அசைவுதான் உங்கள் கேள்வி என்றால் ஒரு தரவுத் தொகுதியாவது அறை வெப்பநிலையில் எடுங்கள். அப்புறம், குளிர்வாயுவை நான் அடியோடு விட்டுவிடவும் இல்லை. மொசைசிட்டி அதிகமாக வந்த படிகத்துக்கு முன்னால் சில நொடி அட்டையைப் பிடித்து வாயுவை மறைத்து, இளகவிட்டு மறுபடி உறைய வைப்பேன். சில சமயம் தேறும், சில சமயம் படிகமே போய்விடும்.