நாலு போர்ஷன் கட்டிடமா, தனித்தனியா ரெண்டு பிளாட்டா?

வாடகை வருமானத்துக்காக வாங்கணும்னு முடிவு பண்ணதும் வர்ற முதல் குழப்பம் இதுதான். அதே முதல், அதே கடன், ஆனா ஒண்ணு நாலு குடித்தனம் இருக்குற பழைய கட்டிடம், இன்னொண்ணு வேற வேற இடத்துல ரெண்டு பிளாட். ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்ததுல எனக்குப் பிடிபட்டதைச் சொல்றேன்.

காலியா கிடக்குற கணக்குல கட்டிடத்தை அடிச்சுக்க முடியாது. ரெண்டு பிளாட்டுல ஒண்ணு ஒரு மாசம் காலியா இருந்தா வருஷ வாடகையில 4% போயிடும், நாலு போர்ஷன்ல ஒண்ணு காலின்னா 2%தான், மத்த மூணு வாடகை வந்துட்டே இருக்கும். ஆனா ஒண்ணு, ராத்திரியில சத்தம் போடுற ஒரே ஒரு குடித்தனம் வந்தா போதும், பக்கத்துல இருக்குற நல்ல ஆளுங்க ஒவ்வொருத்தரா கிளம்பிடுவாங்க, பிளாட்டுல இந்தத் தலைவலி அந்த ஒரு வீட்டோட நின்னுடும்.

வருமானம்னு புரோக்கர் காட்டுறது மொத்த வாடகையை மட்டும், அதை நம்பாதீங்க ப்ளீஸ். கட்டிடம் 100 ரூபான்னு வச்சுக்குங்க, வருஷ வாடகை 8. காலி நாளுக்கு ஒரு 5% கழிச்சா 7.6, வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர், பின்னாடி மொட்டை மாடி ஒழுகுனா எடுக்க ஒதுக்குற பணம் எல்லாம் சேர்த்து 2.6 போனா கையில நிக்குறது 5. இப்ப 75 ரூபா கடன் 8% வட்டியில வாங்கியிருந்தா முதல் வருஷ வட்டியே 6 ஆச்சு, அசல் வேற இருக்கு! ரெண்டுக்கும் இதே கணக்குதான், பிளாட்டுல ரிப்பேர் இருக்குற இடத்துல மெயின்டனன்ஸ் வரும்.

கட்டிடத்துல நிஜமா பாக்க வேண்டியது பைப்பும் மீட்டரும். நான் ஒரு இடத்துக்குப் போனப்ப நாலு வீட்டுலயும் குழாயை மூடச் சொல்லிட்டு தண்ணி மீட்டர் பக்கத்துல நின்னேன், அதுல இருந்த குட்டி சிவப்புச் சக்கரம் நிக்காம மெதுவா சுத்திட்டே இருந்துச்சு, அப்போ சுவத்துக்குள்ள எங்கயோ கசியுது. கீழ் வீட்டு பாத்ரூம் சுவத்துல மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்ததுக்கு அப்பதான் அர்த்தம் புரிஞ்சுது. நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கரண்ட் மீட்டர்னா மாசாமாசம் பஞ்சாயத்து நிச்சயம், தனித்தனி மீட்டர் வைக்க ஆகுற செலவை விலையில குறைச்சுக் கேளுங்க.

பிளாட்டுக்கு இந்தக் கவலை கம்மி, ஆனா மாடி ஒழுகுனா அசோசியேஷன் கூடி முடிவெடுக்குற வரைக்கும் காத்திருக்கணும், உங்க கட்டிடம்னா நாளைக்கே ஆள் கூப்பிடலாம். விக்குறப்ப நிலைமை தலைகீழ். அவசரத்துக்கு ஒரு பிளாட்டை மட்டும் வித்துடலாம், ஒரு போர்ஷனை மட்டும் அப்படி லேசுல விக்க முடியாது, தனியா பத்திரம் பிரிக்க அனுமதி வேணும்.

இந்த அலைச்சலே வேணாம்னா ரீட் (REIT) இருக்கு, அதாவது நிறைய பேர்கிட்ட பங்கு வித்து அந்தப் பணத்துல கட்டிடங்களை வாங்கி வாடகைக்கு விடுற அமைப்பு, பல நாடுகள்ல வருமானத்துல 90% பங்குதாரருக்குப் பிரிச்சுக் குடுத்தாகணும்னு விதி. ஆனா அதுல முடிவெடுக்குறது நீங்க இல்ல, அதனால நான் அந்தப் பக்கம் போகல.

என் முடிவு தூரத்தை வச்சுதான். அரை மணி நேரத்துல போய்ச் சேரலாம், இல்ல ஒரு போர்ஷன்ல நீங்களே குடியிருக்கப் போறீங்கன்னா யோசிக்காம கட்டிடம். வேற ஊர்ல இருந்துட்டு போன்லயே சமாளிக்கணும்னா பிளாட்தான்.

கட்டிடம்னா முன்பணம் குடுக்குறதுக்கு முன்னாடி கடைசி 12 மாச வாடகை பேங்க்ல ஏறுனதை கேட்டுப் பாருங்க. குடியிருக்குறவங்க குடுத்த அட்வான்ஸ் பழைய ஓனர்கிட்ட இருக்கும், ஆனா காலி பண்றப்ப உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க, அந்தத் தொகையை கிரய விலையிலயே கழிச்சு எழுதிக்குங்க.