டெலிக்கா எல்400: பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு குழாய்கள்

ஆள் நடமாட்டமில்லாத பாதைகளில் தங்கிப் பயணிக்க, படுத்துறங்க இடமுள்ள நான்கு சக்கர இழுவை வேன் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது மிட்சுபிஷி டெலிக்கா ஸ்பேஸ் கியரில்தான். 1994 முதல் 2007 வரை வந்த எல்400. இருக்கை எத்தனை, கூரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. "வாங்கலாமா?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: பின் ஹீட்டருக்குப் போகும் குழாய்களைப் பார்த்தாயா? பார்த்தேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. டயரைப் பார்க்கிறார்கள், பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். குழாயை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பின் இருக்கைக்காரர்களுக்கென்று இந்த வண்டியில் தனி ஹீட்டர் உண்டு. அதற்குச் சூடான கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போக ஒன்று, திரும்பி வர ஒன்று என இரண்டு இரும்புக் குழாய்கள் வண்டியின் அடிவயிற்றோடு ஓடுகின்றன. சக்கரம் வாரியடிக்கும் சேறும், பனிக்காலச் சாலையில் கொட்டிய உப்பும் நேரே அவற்றின் மேல் போய் ஒட்டும். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள்ளும், ரப்பர் ஹோஸ் சேருமிடத்தில் கிளாம்ப்புக்கு அடியிலும் ஈரம் தங்கித் துரு உள்ளுக்குள்ளேயே தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகத்தான் தெரியும். கிளிப்பை நகர்த்தினால்தான் பொருக்குப் பொருக்காகப் பெயரும்.

கசிவு ஒரேயடியாக வராது. ஊசி முனையளவு துளையில், இன்ஜின் சூடேறி அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும். ஓடும் வண்டியின் காற்றில் அங்கேயே காய்ந்துவிடும், நிறுத்திய இடத்தில் தரையில் ஒரு சொட்டும் இருக்காது. ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வரும்.

டாஷ்போர்டு முள் சொல்லிவிடுமே என்றால், சொல்லாது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அந்த முள் நடுவில் வந்து உட்கார்ந்தால் கணிசமான சூட்டு வேறுபாட்டுக்கும் அசையாது. அதைவிட மோசம், சென்சார் கூலண்டில் மூழ்கியிருக்கும் வரைதான் உண்மை சொல்லும். மட்டம் இறங்கி அதைச் சுற்றி வெறும் காற்று நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கக்கூடச் செய்யும். ஏறுமேட்டில் முள் இறங்குவதைப் பார்த்து நிம்மதியடைந்தால் அதோடு முடிந்தது.

2.8 லிட்டர் 4எம்40 டர்போ டீசல் இன்ஜினில் கீழ்ப்பாதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. ஒரு முறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளையும், அல்லது வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். இந்த இன்ஜினுக்கு ஹெட் வெடிக்கும் என்ற கெட்ட பெயர் இருக்கிறது. பாவம், கீழ்ப்பாதி நல்ல உறுதி. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் நெடுநாள் உழைக்கும். அப்பேர்ப்பட்ட இன்ஜினைக் கொல்வது ஒரு ஹீட்டர் குழாய் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விற்பவர் "புது ஹெட் போட்டிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னால், பழைய ஹெட் எதனால் போனது என்று கேளுங்கள். குழாய், ரேடியேட்டர், சூட்டுக்கேற்ப ஃபேனைச் சுழல வைக்கும் ஃபேன் கிளட்ச் மூன்றில் எதையும் மாற்றாமல் ஹெட்டை மட்டும் மாற்றியிருந்தால், புது ஹெட்டும் அதே வழியில்தான் போகும்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். "வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சூடாக வைத்துக் காத்திருந்தால் சந்தேகம் கொள்ளலாம். இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் இருக்கையைத் தூக்கித்தான் பார்க்க முடியும். முதலில் ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் அது விறைப்பாக இருந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்து அழுத்தத்தை விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வரலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட்டோ அதன் அடியில் இருக்கும் கேஸ்கட்டோ போயிருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். கரியமில வாயு பட்டால் அது நிறம் மாறும். கூலண்ட் துருத்தண்ணீராக இருந்தால் யாரோ நெடுநாள் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பாலில் ரோஜாச்சாறு கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்க் குளிர்விப்பான் கிழிந்து இரண்டும் கலந்திருக்கிறது. அந்த வண்டியைத் தொடாதீர்கள், கியர்பாக்ஸும் சேர்த்தே போயிருக்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் இழுத்துப் பிடிக்கும், சீக்கிரம் நின்றுவிடும். தாராளமாகச் சுற்றிக்கொண்டே போனால் உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது. சமதளத்தில் இது தெரியாது, முதல் நீண்ட ஏற்றத்தில் தெரியும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் புல்விதையும் அடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டியது பின் ஹீட்டரைக் கழற்றிவிடுவது. கூலண்டை வடித்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து வரும் போக்கு ஹோஸும் வரவு ஹோஸும் இரும்புக் குழாயில் சேருமிடத்தில் கழற்றி, அதே உள்விட்டமுள்ள ஹீட்டர் ஹோஸால் இரண்டையும் யு வடிவில் இணைத்துவிட வேண்டும். வளைவில் ஹோஸ் நசுங்கக் கூடாது. பின் ஹீட்டர் வேண்டும் என்கிறவர்கள், முழு நீளத்துக்கும் ஹீட்டர் ஹோஸே ஓட்டலாம். சைலன்சர் குழாயிலிருந்து விலக்கி, உரசும் இடங்களில் உறை போட்டால் போதும். மறுபடி நிரப்பும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிரப்பும் வாய் மிக உயரத்தில் இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். எத்திலீன் கிளைக்கோலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றி, சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஐடிலில் விட்டு, ஹோஸ்களை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஆறியபின் மட்டம் இறங்கியிருக்கும், மீண்டும் நிரப்புங்கள். அடுத்த சில காலைகளிலும் பாருங்கள். ஹெட்டுக்குள் காற்று தங்கிவிட்டால் இத்தனை வேலையும் வீண்.

கூடவே கூலண்ட் மட்டம் குறைந்தால் அலறும் அலாரம் ஒன்று, ஹெட் உலோகத்தின் சூட்டையே அளக்கும் தனி மீட்டர் ஒன்று. கூரைப் பெட்டிக்கும் கூடுதல் விளக்குக்கும் முன்னால் இவை இரண்டும்.

இனி நியாயமாகப் பேசுகிறேன். இதன் சூப்பர் செலக்ட் என்ற நான்கு சக்கர இழுவை அமைப்புக்கு நிகராக வேன்களில் வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன் பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் இருப்பதால் 4எச்-ஐ (நான்கு சக்கர இழுவை, உயர் கியர்) தார்ச்சாலையிலும் தாராளமாகப் போடலாம், திருப்பத்தில் அச்சுகள் முறுக்கிக்கொள்ளாது. 100 கிமீ வேகம் வரை ஓட்டத்திலேயே 2எச்-இலிருந்து (பின் சக்கர இழுவை மட்டும்) 4எச்-க்கு மாற்றலாம். மழைச்சாலை, சரளை, மறுபடி தார் என மாறி மாறி வரும் நாளில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். மணலிலும் செங்குத்துச் சரிவிலும் 4எல்எல்சி, அதாவது நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிய தாழ் கியர். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில், இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிச் சூடேறுவதால், தாழ் கியரைத் தாமதமில்லாமல் போட வேண்டும்.

வாங்கும்போது இதையும் சோதியுங்கள். 4எச்எல்சி (நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிய உயர் கியர்) போட்டபின் டாஷ்போர்டில் முன் சக்கர விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் முன் அச்சு இணையவில்லை. பெரும்பாலும் அதை இணைக்கும் வெடித்த வேக்யூம் ஹோஸ் அல்லது சோலனாய்டு என்ற மின் வால்வு, அல்லது அச்சிலிருக்கும் சுவிட்ச். கியர்பாக்ஸே போய்விட்டது என்று பயந்து விற்கிறவர்களும் உண்டு, அது வாங்குபவருக்கு யோகம். முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை முறுக்கி வண்டியை அதிகம் உயர்த்தியிருந்தால் முன் அச்சு மூட்டுகளின் ரப்பர் உறைகள் (சிவி பூட்) கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்து வந்த டெலிக்கா டி:5-இல் தாழ் கியர் இல்லை. டொயோட்டாவின் எச்200 ஹையேஸ் நான்கு சக்கர இழுவை வண்டியிலும் இல்லை. ஆக, தாழ் கியரும் உறங்க இடமும் ஒருசேர வேண்டுமென்றால் எல்400-ஐத் தாண்டி யோசிப்பது கடினம்.

இருந்தும், கேட்ட நண்பருக்கு என் பதில்: வாங்காதே. தினமும் காலையில் இருக்கையைத் தூக்கிக் கூலண்ட் பார்க்கும் ஆள் நீ இல்லை. எனக்கு இதைவிட்டால் வேறு வண்டி வேண்டாம், உனக்கு ஹையேஸ் போதும்.

முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், யு ஹோஸ் ஒவ்வொன்றிலும் உபரி ஒன்று, கிளாம்ப் எட்டு, தெர்மோஸ்டாட் ஒன்று, ரேடியேட்டர் மூடி ஒன்று, குடிநீரோடு சேராமல் தனியாகப் பத்து லிட்டர் தண்ணீர். இவை ஏறிய பிறகு மெத்தை போடு.