மலையேறினால் மட்டும் கொதித்த வண்டி

மெல்பர்னிலிருந்து ஆறு வார விடுப்பில் மலேசியாவில் உள்ள தாப்பாவுக்கு வந்திருந்தபோது, வாடகைக் காருக்குக் கொடுக்கும் வெள்ளியை (ரிங்கிட்டை) மிச்சப்படுத்தலாம் என்றும், அப்பா ஓட்டிய வண்டியை ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும் எண்ணி, வீட்டில் நிற்கும் பழைய புரோட்டோன் வீரா காரை அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். செம்மண் சாலையில் தினமும் போய்வரும் வண்டி அது. ஊருக்குள் அதற்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். அம்மாவையும் அண்ணன் மகனையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்குப் புறப்பட்ட அன்றுதான் குறை தெரிந்தது.

தாப்பாவிலிருந்து, வழியில் உள்ள தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம். கிட்டத்தட்ட முழுவதும் வளைவும் ஏற்றமுமாக, 1,400 மீட்டர் உயரத்தைத் தாண்டிச் செல்லும் சாலை. லாத்தா இஸ்கந்தார் அருவிக்குச் சற்று முன்பே வெப்பமானியின் முள் பாதியைக் கடந்து ஏறத் தொடங்கியது. ஏர்கானை நிறுத்தினேன். இன்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிட்டு, கொஞ்சம் வெப்பத்தை அந்த வழியாக வெளியேற்றுவது மெல்பர்னில் பலரும் செய்வது. என் கை தானாக அந்தப் பொத்தானைத் தேடியது. இந்த வண்டியில் ஹீட்டரே கிடையாது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்தபோது உபரி நீர்ப் புட்டி கொதிக்கும் உலைபோல் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கைநீட்டிய அண்ணன் மகனைத் தடுத்தேன். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடிக்குக் கீழே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய்விட, ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, கொதிநீரோடு முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, கோயிலைப் பார்க்காமலேயே மெதுவாக இறங்கி வந்தோம்.

நான் போன முதல் பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்த போமன் (மெக்கானிக்), வண்டியை ஓட்டி வந்தவள் நான் என்று தெரிந்தும், கேள்விகளையெல்லாம் இன்னும் லைசென்ஸ்கூட எடுக்காத அண்ணன் மகனிடமே கேட்டார்; அவன் என்னைப் பார்ப்பான், நான் பதில் சொல்வேன், போமன் அவனைப் பார்த்துத் தலையாட்டுவார். பத்து நிமிடத்தில், தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்ற வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, "நம்ம சூட்டுக்கு இது எதுக்கு, தண்ணி சும்மா ஓடட்டும்" என்று முடித்துவிட்டார். இந்தப் பழக்கம் எங்கள் ஊரில் பல காலமாக இருக்கிறது. அப்பாவும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெர்மோஸ்டாட் என்பது குளிர்நாட்டுக்காக வைத்த அடைப்பு அன்று. 82 டிகிரி அல்லது 88 டிகிரி போன்ற ஓர் அளவில் திறந்து, இன்ஜினை அதற்கேற்ற வெப்பத்தில் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. அது பழுதாகி மூடியபடியே சிக்கிக்கொண்டால் வண்டி நிச்சயம் கொதிக்கும். ஆனால் அப்படிச் சிக்கியிருந்தால் ஊருக்குள்ளேயே கொதித்திருக்கும். கழற்றிவிட்டால் சமவெளியில் இன்ஜின் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். அடுத்த நாள் முள் எழவே இல்லை என்று மகிழ்ந்த அண்ணனிடம் இதை விளக்க முயன்று தோற்றேன். மறுபடி மலையேறிய அன்று, அதே வளைவுக்கு அருகில் அதே போல முள் ஏறியது.

இரண்டாவது பட்டறையில் ரேடியேட்டர் மின்விசிறியை இயக்கும் ரிலே என்ற சுவிட்சையும் பிறகு அதன் மோட்டாரையும் மாற்றினார்கள். மாற்றியவை இரண்டும் நல்ல சாமான்கள், வேலையும் சுத்தம். ஆனால் விசிறி முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விசிறி ஓடாத வண்டி, காற்று தானாக உள்ளே வராத இடத்தில், அதாவது சிக்னலிலும் கடைத்தெரு நெரிசலிலும் கொதிக்க வேண்டும். எங்கள் வண்டி அங்கே அமைதியாகவே நின்றது. அந்த இடத்தை யாரும் யோசிக்கவில்லை.

இதில் அந்தப் பட்டறைகளை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. மெல்பர்னில் நான் வண்டியை விடும் இடத்தில், ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே, பழுது எங்கே என்று பார்ப்பதற்கென்று ஒரு மணி நேரக் கூலியைத் தனியே எழுதிவிடுவார்கள். ஆரம்பத்தில் அது எனக்குப் பகல்கொள்ளையாகத் தோன்றியதுண்டு. நம் ஊரில் சாமானுக்குக் காசு உண்டு, மாட்டுவதற்குக் காசு உண்டு, யோசிப்பதற்கு மட்டும் காசு கிடையாது. "சும்மா பார்த்ததுக்கா காசு" என்று வாடிக்கையாளரே சண்டைக்கு வருவார். எனவே போமன் தன் யோசனைக்கான கூலியை ஒரு சாமானுக்குள் வைத்து விற்க வேண்டியிருக்கிறது, அந்தச் சாமான் தேவையோ இல்லையோ.

மூன்றாவது இடம், தோட்டத்து லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த ஓர் அண்ணனுடையது. தகரக் கூரை, ஒரே ஒரு உயர்த்தி, ஒரு கையாள். அவர் என்னை நேராகப் பார்த்து, "தங்கச்சி, எப்ப சூடாவுது, அத மட்டும் மொதல்ல சொல்லு" என்றார். நின்றுகொண்டிருக்கும்போதா, நெடுஞ்சாலையிலா, ஏற்றத்திலா, ஏர்கான் போட்டிருந்தேனா, எந்த கியரில் ஏறினேன், தண்ணீர் குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு நாளில். பாதிக் கேள்விகளுக்கு நான் என் சொந்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தே பதில் சொல்ல முடிந்தது. பார்ப்பதற்கு நாற்பது வெள்ளி, சாமான் மாற்றினால் தனிக் கணக்கு என்று முன்கூட்டியே சொன்னதும் அவர் ஒருவர்தான்.

அன்று மாலை வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கினார். என் பெரிய பயம் ஹெட் கேஸ்கட்டைப் பற்றியது. இந்த 4ஜி15 இன்ஜினின் அடிப்பகுதி இரும்பு, மேல்தலை அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், நன்றாகக் கொதித்த வண்டியில் இடையே அடைப்பாக இருக்கும் கேஸ்கட்தான் அடி வாங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில், எண்ணெயில் தண்ணீர் கலந்தால் வரும் பால்போன்ற கசடு இல்லை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதிலிருந்த நீல நிறத் திரவத்தின் வழியே ஆவியை உறிஞ்சிப் பார்த்தார். இன்ஜினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்தால் மஞ்சளாகிவிடும் அந்தத் திரவம் நீலமாகவே இருந்தது. கைப்பம்பை மாட்டி 0.9 பார் வரை அழுத்தம் ஏற்றியபோது முள் கால் மணி நேரம் அசையாமல் நின்றதால், குழாயிலோ வாட்டர் பம்பிலோ கசிவு இல்லை என்பதும் தெரிந்தது. மூடியைத் தனியே சோதித்தபோதுதான் முதல் குற்றவாளி அகப்பட்டான்: அது பாதி அழுத்தத்திலேயே திறந்துகொண்டது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். புட்டியில் குமிழி வந்ததன் காரணம் இதுதான். ஆனால் மூடி முள்ளை ஏற்றாது என்று சொல்லி அவர் அங்கே நிறுத்தவில்லை.

அதன் பிறகு செய்ததை மற்ற இருவரும் செய்யவே இல்லை. முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது ஏர்கானின் வெப்பத்தை வெளிவிடும் கண்டன்சர். அதற்குப் பின்னால் ஒரு விரல்கடை இடைவெளியில்தான் ரேடியேட்டர் நிற்கிறது. விசிறிகளையும் உறையையும் கழற்றி, இரண்டையும் விலக்கிக் காட்டினார். இடையில் செம்மண் தூசியும், செம்பனை நாரும், பூச்சி இறகும் சேர்ந்து, மழையில் நனைந்து காய்ந்து, ரேடியேட்டரின் பாதிக்கு மேல் ஒரு கம்பளம்போல் ஒட்டியிருந்தன. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகவே வெளியேற வேண்டும். ஊருக்குள் இன்ஜின் உழைப்பது குறைவு, மிச்சமிருக்கும் பரப்பே போதும். நெடுஞ்சாலையில் வேகக் காற்று ஈடுகட்டிவிடும். மூன்று பேருடனும் ஏர்கானுடனும் 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரில் ஏறும்போதுதான், வெப்பம் உச்சத்திலும் காற்று சொற்பத்திலும் இருக்கும்.

தண்ணீரை இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, காற்று போகும் திசைக்கு எதிராக, மெல்லப் பாய்ச்சியே கழுவினார். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடுமாம். உள்ளே இருந்தது தேநீர் நிறக் குழாய்த் தண்ணீர். உறைபனி இல்லாத நாட்டில் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த நிறமே பதில்: துருவைத் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கிறது. கழுவி, புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டி, கூலண்ட் ஊற்றி, காற்று வெளியேறும் வரை ஓடவிட்டு, புதிய மூடியைப் போட்டார். சூடானதும் ரேடியேட்டரின் மேலும் கீழும் பல இடங்களில் வெப்பமானித் துப்பாக்கியை வைத்துப் பார்த்தபோது, எங்கும் திடீரென்று குளிர்ந்த பகுதி தென்படாததால், உட்குழாய்கள் அடைபடவில்லை, ரேடியேட்டரை மாற்ற வேண்டாம் என்றார். விற்றிருந்தால் நான் வாங்கியிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவுடன் மறுபடி ஏறினோம், இம்முறை ஏர்கானுடன். ரிங்லெட்டைத் தாண்டியும் முள் பாதியிலேயே நின்றது. புறப்படும் முன் உபரி நீர்ப் புட்டியில் மார்க்கர் பேனாவால் கோடு போடச் சொல்லியிருந்தார் அந்த அண்ணன். கோயில் வாசலில் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது. மறுநாள் காலை, தாப்பா வீட்டு வாசலில், குளிர்ந்த இன்ஜின் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு, சரியாகக் கோட்டிலேயே நிறுத்தியிருந்தது.