மூச்சுப் பரிசோதனையா, எண்டோஸ்கோபியா?

பெங்களூரு அல்சூரில் நம் ஆட்கள் பலர் வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை அட்டை வாங்கியே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டாக்டர் சோதனை என்றதும் இந்தக் குழப்பம் வருகிறது.

எதைக் காட்டும்?
மூச்சு: வயிற்றில் புண்ணையும், சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயையும் உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்பதை மட்டும்.
எண்டோஸ்கோபி: வாய்வழியே இறக்கும் கேமரா குழாய். வயிற்றின் உள்சுவரையே காட்டும். சந்தேகமான இடத்தில் சதைத்துணுக்கும் எடுக்கலாம்.

ஜப்பான், தென்கொரியாவில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் 60 சதவீதமோ அதற்கு மேலோ ஐந்து ஆண்டுகள் தாண்டி வாழ்கிறார்கள். முக்கியக் காரணம் முன்கூட்டிய பரிசோதனை. கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். நோய் ஆழமாக இறங்குமுன் பிடிபடுகிறது. இங்கே பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரிகிறது.

சிரமம்?
மூச்சு: பையில் ஊதினால் போதும். ஆனால் பான்டோபிரசோல் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.
எண்டோஸ்கோபி: வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகும் மருந்து, சில நிமிடக் குமட்டல். அவ்வளவுதான்.

சரி, யாருக்கு எது?
இளவயது, வெறும் எரிச்சல் என்றால் பெரும்பாலும் மூச்சுப் பரிசோதனையில் தொடங்கலாம். எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, விழுங்கச் சிரமம், அப்பா அம்மாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்தது என்றால் டாக்டரிடம் எண்டோஸ்கோபியையே கேளுங்கள். தயவுசெய்து இன்னொரு அட்டை மாத்திரை வாங்கித் தள்ளிப்போடாதீர்கள்.