வாரச் சந்தை: சோளத்துக்காகவே போகலாம்
எங்கள் பகுதி உழவர் சந்தையில் இப்போது இனிப்புச் சோள சீசன். அன்று காலையில் ஒடித்த கதிர்கள், உரித்தால் பட்டுநூல் மாதிரி நார் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பறித்த உடனேயே இதில் இருக்கும் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், அதனால் வாங்கிய அன்றே வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், அந்த ருசியே தனி. தக்காளியும் செடியிலேயே பழுத்தது. தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மணமே போய்விடும். கீரை சுமார்தான், பத்து மணிக்கெல்லாம் வாடிவிடுகிறது. அப்புறம், வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையை ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். அடுத்த வாரம் விதைப் பரிமாற்றம் நடப்பது எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது, பத்திரமாக எடுத்துவைத்திருக்கும் அவரை விதையோடு கண்டிப்பாகப் போவேன்.