முப்பதாயிரத்துக்குள் வெள்ளி விழா: கன்னிமாராவா, கிராண்ட் சோழாவா, லீலாவா?

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரே ஒரு ராத்திரியாவது பெரிய ஹோட்டலில் தங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவருக்கும் ஆசைதான், ஆனால் அவரிடம் கணக்கு முந்திக்கொண்டு வரும். "முப்பதாயிரம். ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள" என்று சொல்லிவிட்டார். திருச்சியிலிருந்து காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியம் எழும்பூர். அதனால் சென்னை என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. எந்த ஹோட்டல் என்பதற்குத்தான் பத்து நாள் ஆனது.

கடைசியில் மூன்று நின்றன: பின்னி சாலையில் தாஜ் கன்னிமாரா, கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா, எம்ஆர்சி நகரில் லீலா பேலஸ். நுங்கம்பாக்கத்துத் தாஜ் கோரமண்டலையும், கிண்டி தேசியப் பூங்காவின் பச்சையைப் பார்த்து நிற்கும் பார்க் ஹயாத்தையும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டையும் நினைத்தால் வேலை விஷயமாக வந்து தங்குகிறவர்களின் முகம்தான் எனக்கு வருகிறது. வெள்ளி விழாவுக்கு ஊரை விட்டு வருகிறவர்களுக்கு அந்த இடமே ஒரு கதை சொல்ல வேண்டும்.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன்னால் வரியைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 கட்டுவோம். 8,000 ரூபாய் அறைக்கு 9,440. வாடகையில் ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம், கையை விட்டுப் போவதோ ஆயிரத்தைந்நூறுக்கும் மேல். நம் மூன்று ஹோட்டல்களும் பெரும்பாலான நாட்களில் இந்தக் கோட்டுக்கு மேலேதான். இப்படிப்பட்ட ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்திலும் பில்லுக்கு 18 சதவீதம் உண்டு, வெளியே சாப்பிட்டால் 5. ஆகவே அறை பதிவு செய்யும் செயலியில் முதலில் கண்ணில் படும் தொகையை நம்பாமல், கடைசிப் பக்கம் வரை போய் வரியோடு சேர்ந்த தொகையைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இனி, நான் எதை வைத்து எடை போட்டேன் என்பது. பத்தாவது வருஷம் ஒரு கடலோர ஊருக்குப் போயிருந்தோம். ஹோட்டல் பெயர் வேண்டாம். "பகுதி கடல் காட்சி" என்று போட்டிருந்த அறையை ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து எடுத்தோம். திரையை விலக்கினால் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. பால்கனியின் இடது மூலைக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினால், தொட்டிக்கும் ஒரு விளம்பரப் பலகைக்கும் நடுவே ஒரு முழம் நீலம் தெரிந்தது. நான் மனசு விட்டுவிடக் கூடாதே என்று அவர் "தெரியுதும்மா, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து எந்த ஹோட்டலைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இந்த இடம் எதற்குப் பேர் போனதோ, அது அங்கேயே மிகக் குறைந்த விலை அறையில் தங்குகிறவருக்கும் கிடைக்குமா? நம்மைப் போல் எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்கள் எடுக்கப்போவது அந்த அறையைத்தானே.

இந்தக் கேள்வியில் முதலில் அடி வாங்குவது லீலா. 2013-ல் திறந்த ஹோட்டல். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வங்கக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நகருக்குள் இருந்துகொண்டே படுக்கையில் இருந்து சூரிய உதயம் பார்க்கலாம் என்பதுதான் அதன் பெருமை. உண்மையான பெருமை, அவருடைய அக்கா மகனின் கல்யாண ரிசப்ஷனுக்கு நாங்கள் போனபோது புல்வெளியிலிருந்து அந்தக் கடலைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். ஆனால் கடல் வேண்டுமென்றால் கடல் பார்த்த அறைக்குத் தனி விலை. குறைந்த விலை அறையில் அழகான மெத்தையும் பளிங்குக் குளியலறையும் இருக்கும், எதற்காகப் போனோமோ அது இருக்காது. இடமும் ஓர் ஓரம். மெட்ரோ பக்கத்தில் கிடையாது, எங்கே போனாலும் வண்டி பிடிக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும்: மயிலாப்பூர் அங்கிருந்து கிட்டத்தில். காலையில் கபாலீசுவரர் தரிசனம், வெளியே வந்து கற்பகாம்பாள் மெஸ்ஸில் டிபன் என்று திட்டம் போடுகிறவர்களுக்கும், கடல் அறைக்கான கூடுதல் தொகையை மனசார ஒதுக்க முடிந்தவர்களுக்கும் லீலாதான் சரி. அந்தத் தொகையைக் கொடுக்க மனமில்லை என்றால் லீலா வேண்டாம். பாதிக் கடலுக்கு முழு வருத்தம் என்று நாங்கள் ஒரு முறை பட்டாயிற்று.

கிராண்ட் சோழா இதற்கு நேர் எதிர். 2012-ல் திறந்தது, 600 அறைகள். அங்கே பார்க்க வேண்டியது கட்டடம். தஞ்சைப் பெரிய கோயிலை மனதில் வைத்துக் கட்டியது. செதுக்கிய தூண்கள், இரண்டு பக்கமும் பிரிந்து ஏறும் பளிங்குப் படிக்கட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாலே காலை நடை முடிந்துவிடும் அளவுக்கு நீளம். இதெல்லாம் அறைக்கு வெளியே இருக்கிறது. கடைசி விலை அறைக்காரரும் அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார். காற்றாலை மின்சாரம், பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் சான்று என்று நல்ல விஷயங்களும் உண்டு. சைவச் சாப்பாட்டுக்கென்றே ராயல் வேகா என்று தனி உணவகம் இருக்கிறது. எழும்பூரில் இறங்கினால் அங்கேயே தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறி, சில்லறைக் காசில் கிண்டி போய்விடலாம். அங்கிருந்து ஆட்டோவுக்குச் சின்ன தூரம்தான். என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஹோட்டல் இது.

பிறகு ஏன் அதை எடுக்கவில்லை? திருச்சிக்காரர்களாகிய எங்களுக்கு மட்டும் உள்ள காரணம் ஒன்று. ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் தஞ்சாவூர். ராஜராஜன் 1010-ல் குடமுழுக்கு நடத்திய அசலை வருஷத்துக்கு இரண்டு முறையாவது போய்ப் பார்க்கிறோம். சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு அந்தக் கல் தரையில் பிள்ளைகளை ஓடவிட்டு உட்கார்ந்து வளர்த்தவர்கள் நாங்கள். அந்த ஞாபகத்தோடு கிராண்ட் சோழாவுக்குள் நுழைந்தால், வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மனசு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. லீலாவிலும் இதே சங்கடம்தான்: அதன் அலங்காரத்தில் செட்டிநாட்டுச் சாயல், பல்லவனோ காரைக்குடியிலிருந்தே வருகிற வண்டி. எங்கள் பக்கத்து வீட்டு அழகை ஐந்து மணி நேரம் பயணம் செய்து போய்ப் பார்ப்பானேன்? டெல்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் கிராண்ட் சோழா என்றே சொல்வேன்.

கன்னிமாராவில் இருப்பது சென்னையில் மட்டுமே இருக்கிற ஒன்று. 1854-ல் இம்பீரியல் ஹோட்டலாகத் தொடங்கி, பிறகு 1886 முதல் 1890 வரை மதராஸ் ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரை எடுத்துக்கொண்டது. எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. ஹோட்டல் பின்னர் ஸ்பென்சர் கம்பெனி கைக்குப் போனது. 1930-களில், ஆர்ட் டெகோ என்ற அந்தக் காலத்துக் கட்டடப் பாணியில் வெள்ளை வெளேரென்று எழுந்தது. 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதில் கை வைத்தார். குளமும் மரமும் தாழ்வாரமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாதிரி இடத்தை விடுவதில் அவர் மன்னர். பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2018-ல் மறுபடி திறந்தார்கள்.

போன வருஷம் என் தங்கையோடு அங்கே ஒரு டீ குடிக்கப் போனேன். அண்ணா சாலையின் ஹாரன் சத்தத்தோடு பின்னி சாலைக்குள் திரும்பி, வாசலைத் தாண்டி, குளத்துப் பக்கம் வந்து உட்கார்ந்தோம். பத்தே நிமிஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்திருந்தோம். யாரும் சொல்லவில்லை, இடம் அப்படி. மேலே மரத்தில் ஒரு அணில் கத்துவது கேட்டது. ஸ்பென்சர் பிளாசாவுக்கு அடுத்த சந்தில் அணில் சத்தம் கேட்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். இந்த மரமும் குளமும் தாழ்வாரமும் அங்கே தங்குகிற எல்லாருக்கும் பொது. அறை சின்னதாக இருந்தாலும் நாங்கள் அறைக்குள்ளேயே கிடக்கப் போவதில்லை. அளவும் கை அடக்கம், கிராண்ட் சோழாவில் உள்ள அறைகளில் கால்வாசி இருந்தாலே அதிகம். இன்னொன்று, கன்னிமாராவுக்கு வெளியே நடந்தால் ஊர் இருக்கிறது. எல்ஐசி மெட்ரோ நிலையம் பக்கத்தில், திருவல்லிக்கேணி ஆட்டோவில் சில நிமிஷம், ரத்னா கஃபேயின் சாம்பாரில் மூழ்கிய இட்லி அங்கே. குறை என்றால், பழைய கட்டடம் என்பதால் எல்லா அறையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்காது. எந்த அறை என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஹோட்டலைவிட நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். எங்கள் கல்யாணம் ஆவணியில். அதே தேதியில் போனால் அது முகூர்த்த மாதம். பெரிய ஹோட்டல்களின் மண்டபங்கள் எல்லாம் கல்யாணம், ரிசப்ஷன், வெளியூர் சொந்தங்களுக்கு மொத்தமாக எடுத்த அறைகள். மிச்சமிருக்கும் அறைக்கு அவர்கள் சொன்னதுதான் விலை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் சபாக் கச்சேரிகளும் வெளிநாட்டு விருந்தினரும் சேர்ந்துகொள்வார்கள். நடுவில் புரட்டாசி இருக்கிறது. கல்யாணம் குறைவு, மழையும் இன்னும் பெரிதாகப் பிடித்திருக்காது. "தேதியத் தள்ளினா சரியா வருமாங்க?" என்றேன். "கல்யாணத்தையா தள்றோம்? பெருமாள் மாசம், நல்லதுதான்" என்றார். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. கன்னிமாராவின் ரெயின்ட்ரீ உணவகத்துச் செட்டிநாட்டுக் கோழியை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

வாரத்தில் ஞாயிறு ராத்திரியைப் பாருங்கள். வார இறுதிக்கு வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள், ஆபீஸ் வேலையாக வருகிறவர்கள் அப்போதுதான் வர ஆரம்பிப்பார்கள். விலை இறங்கி நிற்க நல்ல வாய்ப்பு.

இரண்டு ராத்திரியும் பெரிய ஹோட்டலா, ஒன்று போதுமா? கணக்குக்கு வாடகை 11,000 என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 12,980. இரண்டு ராத்திரிக்கு 25,960. மிச்சம் நாலாயிரத்துச் சொச்சத்தில் ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம். அப்படிப் போனால் ஒவ்வொரு காபிக்கும் மெனு அட்டையின் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் சனிக்கிழமை எழும்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ 3,500 ரூபாய்க்குச் சுத்தமான அறை, வரியோடு 3,675. ஞாயிறு கன்னிமாரா. இரண்டும் சேர்த்து 16,655. கையில் 13,345 இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமை பார்த்தசாரதி பெருமாளைச் சேவித்துவிட்டு, மறுநாள் ராத்திரி ஹோட்டலிலேயே நிதானமாகச் சாப்பிடலாம். பில் ஐயாயிரம் வந்தால் வரியோடு 5,900, அப்படியும் தாங்கும். பெரிய ஹோட்டலை இரண்டாவது நாளுக்கு வையுங்கள். முதல் நாள் வைத்தால் ராணி மாதிரி இருந்துவிட்டு மறுநாள் லாட்ஜுக்குப் பெட்டி தூக்க மனசு வராது.

நேரத்தையும் முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். செக்-இன் பொதுவாக மதியம் இரண்டு மணி, காலி செய்வது பன்னிரண்டு. இருபத்திரண்டு மணி நேரம்தான். காலையிலேயே போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அறை தயாரானால் முன்னாலேயே தரச் சொல்லிக் கேட்கலாம். மறுநாள் காலி செய்த பிறகும் பெட்டியை அவர்களிடமே வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் பல்லவனைப் பிடிக்கலாம். வரவேற்பில் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிளம்பும்போது விடுவிப்பார்கள், கணக்குக்குத் திரும்பி வரச் சில நாள் ஆகலாம். கார்டில் அதற்குத் தனியாக இடம் விடுங்கள். சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம், கட்டாயம் இல்லை. செயலியில் விலையைப் பார்த்த பிறகு ஹோட்டலுக்கே ஒரு முறை போன் செய்யுங்கள். இலவச உறுப்பினர் விலை, காலை உணவு சேர்ந்த விலை என்று செயலியில் தெரியாதவை அங்கே கிடைக்கலாம்.

நேற்று நான் போன் செய்தேன். "குளத்தைப் பார்த்த அறை இருந்தா கொடுங்க, லிஃப்ட் பக்கத்துல வேண்டாம், அவருக்குத் தூக்கம் கெட்டுடும்" என்றேன். எதிர்முனைப் பெண் எழுதிக்கொண்டு, "ஏதாவது விசேஷமா மேடம்?" என்று கேட்டாள். "இருபத்தஞ்சாவது கல்யாண நாள்" என்று சொல்லும்போது எனக்கே குரல் கொஞ்சம் மாறிவிட்டது. கூடத்திலிருந்து அவர், "பிரேக்ஃபாஸ்ட் சேர்த்துத்தானான்னு கேளு" என்றார்.